பாலாற்றுத் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆம்பூரில் பாலாற்றுக்குக் கடல் வருவது வருஷத்தில் ஒரே ஒரு நாள், கத்திரி வெயில் தொடங்கிய பின் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை. விடிகாலையில் பால் பாக்கெட் வண்டி வருகிற நேரத்துக்கு வந்து, சாயங்காலம் தெருவிளக்கு எரிகிற நேரத்துக்குப் போய்விடும். முதல் வருஷம் வந்தபோது ஜனங்கள் பயந்து மாடியில் ஏறி நின்றார்கள். இரண்டாம் வருஷம் கரையில் மிளகாய் பஜ்ஜிக் கடையும் ராட்டினமும் வந்துவிட்டன. மூன்றாம் வருஷம் பஜ்ஜி விலை ஏறியதுதான் பேச்சாக இருந்தது. வங்காள விரிகுடாவிலிருந்து ஆற்றோடு ஏறி வருகிறது என்றும் சொல்ல முடியாது. அன்றைக்கும் வேலூர் பாலத்துக்கு அடியில் பையன்கள் மணலில் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேற்கே வாணியம்பாடியிலும் ஒரு சொட்டு இல்லை. ஜோலார்பேட்டையிலிருந்து வருகிற பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் இருந்தவர்கள் மட்டும் ஆம்பூர் நெருங்கும்போது உப்புக்காற்று அடிக்கிறது என்று கண்ணாடியை இறக்கினார்கள். கடல் நேராக ஆம்பூருக்கு வந்தது, நேராகத் திரும்பிப் போனது.

வருவதற்கான காரணம் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்களிலிருந்து பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் வரும், இல்லாவிட்டால் வழியிலேயே அழுகிவிடும். தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் அந்த உப்பை உதறிவிட்டுத்தான் தோலைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பாட்டன், முப்பாட்டன் காலத்திலிருந்து உதறிய உப்பெல்லாம் மண்ணுக்குள் இறங்கி, மண்ணிலிருந்து கிணற்றுக்குள் இறங்கி, டீ போட்டால் பால் திரிகிற அளவுக்கு வந்துவிட்டது. கடல் தன் உப்பைத் தேடிக்கொண்டு வந்தது. வந்து பார்த்ததில், ஒரு நாளில் அள்ளிக்கொண்டு போகிற சரக்கு அல்ல என்று அதற்கும் தெரிந்திருக்க வேண்டும். முடிந்ததை எடுத்துக்கொண்டு போய், மிச்சத்துக்கு அடுத்த வருஷம் வந்தது. ஆற்றோரத்துக் கிணறுகள் சிலவற்றில் பருப்பு இப்போது சீக்கிரம் வேகிறது என்று பெண்கள் சொன்னார்கள்.

கடலோடு ஒரு தீவும் வரும். அது ஆற்றுக்கு நடுவே முன்பே இருந்த மேடு என்று சிலர் சொன்னது தவறு. மேடு இருந்த இடத்தில் மேடு தண்ணீருக்கடியில் இருந்தது, தீவு அதற்கும் மேற்கே தனியாக நின்றது. சாயங்காலம் கடல் போகும்போது தீவும் கூடவே போய்விடும். அங்கே ஆட்களைக் கொண்டுபோய் விட்டவர் மஹபூப் பாஷா. மற்ற நாட்களில் அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முதல் வருஷத்துக் கடலைப் பார்த்த கையோடு ஒகேனக்கல் போய் ஒரு பரிசல் வாங்கி வந்துவிட்டார். மீதி நாளெல்லாம் அது அவர் வீட்டு மாடியில் கவிழ்ந்து கிடக்கும், புறாக்கள் அதற்கடியில் முட்டையிடும். பரிசலில் ஏறுகிறவர்களுக்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும். மட்டன் பிரியாணியோ சுக்காவோ இருந்தால், கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிட்டு ஏறச் சொல்வார். "அங்க போய் அதத் தொறக்கறது மரியாத இல்ல, அதுங்க பாக்கும்" என்பார். ஆம்பூர்க்காரர்களை பிரியாணி இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்க வைத்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த மூன்றாம் வருஷம் தீவுக்குப் போனவர்களில் பூவரசனும் சோபனாவும் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. பூவரசன் கட்டிங்கில் இருந்தான். ஷூவின் உள்பக்கம் வருகிற லைனிங் தோலை விரித்துப் போட்டு, அதன்மேல் டை என்கிற வெட்டு அச்சை வைத்து மெஷினால் அழுத்தி, பீஸ் பீஸாக வெட்டி எடுப்பது அவன் வேலை. தோல் என்றால் முள் கீறியது, உண்ணி கடித்தது, கம்பி கிழித்தது எல்லாம் இருக்கும். அவற்றை ஒதுக்கி, நல்ல இடமாகப் பார்த்து டையை வைப்பவன்தான் கட்டர். அவன் வெட்டிய பீஸ்கள் சோபனா உட்கார்ந்திருக்கிற செக்கிங் டேபிளுக்குப் போகும். குறை இருந்தால் அவள் அதன்மேல் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள், அவன் வேறு வெட்டித் தர வேண்டும். இப்படி ஒட்டி ஒட்டித்தான் அவர்கள் பழகினார்கள். குறையே இல்லாத பீஸுக்கெல்லாம் அவள் ஸ்டிக்கர் ஒட்டுகிறாள் என்று சூப்பர்வைசருக்குத் தெரியவந்த மாதத்தில் கல்யாணம் நடந்தது.

சோளிங்கர் பக்கத்திலிருந்த தாய்வீட்டிலிருந்து சோபனா வரும்போது ஒரு பெட்டை ஆட்டுக்குட்டியைக் கூட்டி வந்தாள். செந்நிறமாக இருந்ததால் செம்பி என்று பெயர். தண்டவாளத்தோரத்து முள்கம்பியில் ஒருமுறை மாட்டி, அதன் இடது விலாவில் கோழிக்கால் மாதிரி மூன்று பிரிவாக ஒரு தழும்பு விழுந்திருந்தது. சோபனாதான் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு ஆற்றினாள். பூவரசன் வேலைவிட்டு வந்ததும் செம்பி அவன் சட்டை நுனியைத்தான் முதலில் மெல்லும். அவனும் விட்டுவிடுவான். நல்ல சட்டை என்று அவனிடம் ஒன்றுகூட இல்லாமல் போனது.

அதற்கு முந்தின ஆடி மாதத்தில் ஒரு நாள் சோபனா ஷிஃப்ட் முடிந்து வந்தபோது செம்பி இல்லை. தண்டவாளத்தோடு போயிற்று, தேடிப் பார்த்தேன், காணோம் என்றான் பூவரசன். இருவரும் சேர்ந்து ஒருபக்கம் விண்ணமங்கலம்வரை, மறுபக்கம் பச்சகுப்பம்வரை தண்டவாளத்தோரம் தேடினார்கள். அவன் வாயைக் கை வைத்துக் குவித்து "செம்பீ, செம்பீ" என்று கூவிக்கொண்டே நடந்தான். அந்த மாதமே ஒரு பழைய பைக் வாங்கினான். சீட்டு எடுத்தேன் என்றான். ஐப்பசியில் ஒரு நாள் செக்கிங் டேபிளில் பிஸ்தா பச்சை நிறத்தில் ஒரு லைனிங் பீஸ் வந்தது. நட்ட நடுவில் கோழிக்கால் தழும்பு. சோபனா அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு ஸ்டிக்கர் ஒட்டாமல், நல்ல பீஸ்களோடு சேர்த்து அனுப்பிவிட்டாள். சாயங்காலம் தெருமுனைக் கறிக்கடைக்காரரிடம் போய்க் கேட்டாள். "உன் வூட்டுக்காரர்தானேம்மா ஒடுகத்தூர் சந்தையில குடுத்தாரு, உனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

அன்றைக்கு அவள் சண்டை போட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவள் சண்டை போடவில்லை. "மாமா" என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். சோறு வெச்சிருக்கு, கரண்ட் பில் வந்திருக்கு, மாவு தீர்ந்துபோச்சு என்று சுவரிடம் சொல்வது போலச் சொன்னாள். பொங்கலுக்குத் தாய்வீடு போனவள் ஒரு மாதம் தங்கினாள். சித்திரை பிறந்ததும் தன் துணிகளைத் தனிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு ஹலீமா பீ கேட்டதற்கு, சோளிங்கருக்கே போய் அங்கே ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பூவரசனுக்கு அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தான். அதற்குப் பதிலாக, கடல் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மஹபூப் பாஷாவிடம் இரண்டு பேருக்குச் சொல்லிவைத்தான்.

சோபனா வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். ஹலீமா பீதான் அனுப்பிவைத்தாள். "வூட்ல கெடந்தா வெந்துதான் போவ. அங்க காத்தாவது வரும். பேசாத, போய்ட்டு வா" என்றாள். சோபனா எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டாள். பரிசலில் இன்னும் சிலர் இருந்தார்கள். துத்திப்பட்டிலிருந்து வந்த ஒரு வயசான ஜோடி, மொபைலில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்த புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆழத்தில் ஆற்றுமேடும், அதன்மேல் போன வருஷம் யாரோ விட்டுப்போன ஒரு ஸ்டம்பும் தெரிந்தன. "இன்னா பூவரசு, வாயத் தொறக்க மாட்டேங்கற? வாயில கொழுக்கட்டையா?" என்றார் மஹபூப் பாஷா. பூவரசன் சிரித்தான். சோபனா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீவில் மூன்று கரைகள். கிழக்குக் கரை முழுக்க உப்பு. காலை வெயிலில் கண் கூசும், நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். தெற்குக் கரையில் மணல். ஆம்பூர்க்காரர்களுக்கு அந்த மணலைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. பரும்பருமனான பாலாற்று மணல், வருஷக்கணக்காக லாரிகளில் ஏறிப் போனது. போனதெல்லாம் இங்கே இருந்தது. வயசானவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, இதுதான் என்று மனைவியிடம் சொன்னார். மேற்குக் கரையில் சிப்பிகளுக்குப் பதிலாக ஷூவின் கயிற்று வளையங்களும் பக்கிள்களும் ஒதுங்கிக் கிடந்தன, அலை அவற்றைத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கியிருந்தது. சோபனா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். பூவரசன் நாலு அடி பின்னால் வந்தான். நண்டுகள் அவள் காலுக்கு வழிவிட்டுப் பக்கவாட்டில் ஓடின. ஒரு கடல் ஆமை மேலே ஏறி வந்து, இருவரையும் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் குழி தோண்டத் தொடங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். அது முட்டையிட்டு மூடிவிட்டுத் திரும்பித் தண்ணீருக்குள் போகிறவரை அசையாமல் பார்த்தார்கள். "பத்து மாசம் சொமக்குமா?" என்று பூவரசன் கேட்டான். "எனக்கு இன்னா தெரியும், அதுங்கிட்ட கேளு" என்றாள் சோபனா. சில மாதங்களில் அவனுக்குக் கிடைத்த நீளமான பதில் அதுதான்.

உள்பக்கம் போனால் புல்வெளி. அங்கேதான் மிருகங்கள். இந்தப் பகுதியின் தோல் ஷாப்புகளுக்கு வந்துபோன ஆடு, மாடு, எருமையெல்லாம் அங்கே மேய்ந்தன. தோலைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தன, ஆனால் கடைசியாகச் சாயம் ஏறிய நிறத்தில். நேவி ப்ளூ ஆடுகள் ஒரு மந்தை. செர்ரி நிறப் பசுக்கள் நாலைந்து மரத்தடியில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. முதலைத் தோல் மாதிரி அச்சுப் பதித்த எருமைகள் குட்டையில் முதுகு மட்டும் தெரிய மிதந்தன. புதுஜோடி அலறிக்கொண்டு ஓடிவந்தது, அதற்குப் பிறகு அவை எருமைகள்தான் என்று தெரிந்து படம் எடுத்தது. கண்ணாடி மாதிரி பளபளக்கிற பேட்டண்ட் லெதர் போட்ட ஒரு கன்றுக்குட்டியின் மேல் உட்கார்ந்த கொக்கு, வழுக்கி வழுக்கி விழுந்து, கடைசியில் பறந்துபோனது. வெல்வெட் மாதிரி சூயிட் தோல் போட்ட செம்மறிகளை ஒரு பக்கமாக நீவினால் வெளிறும், மறுபக்கமாக நீவினால் கறுக்கும். சோபனா ஒன்றின் முதுகில் விரலால் ஒரு கோடு போட்டு, உடனே அழித்தாள். கம்பெனி ஆட்கள் என்பதால் இருவருக்கும் எல்லாமே தெரிந்த சரக்காக இருந்தது. "இது அந்தக் கொரோனாவுல கேன்சலான ஆர்டர்" என்று ஒரு ஆரஞ்சு ஆட்டைக் காட்டி பூவரசன் சொன்னான். சோபனாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

சில மிருகங்களின் உடம்பில் அங்கங்கே இடைவெளி இருந்தது. அந்த இடத்தில் தோல் இல்லை, புண்ணும் இல்லை, சாம்பல் பூத்த மாதிரி வெறுமனே இருந்தது. அந்தப் பீஸ்கள் இன்னும் எங்கேயோ யாருடைய காலிலோ நடந்துகொண்டிருக்கின்றன என்று மஹபூப் பாஷா விளக்கியிருந்தார். அந்த ஷூ தேய்ந்து, தூக்கி எறியப்பட்ட பிறகு பீஸ் தன் இடத்துக்கு வந்துவிடும். அதற்கு சில வருஷம் ஆகலாம். வெளிநாட்டுக்காரர்கள் நன்றாகப் பாலிஷ் போட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

வேப்பமரம் ஒன்றின் நிழலில் உட்கார்ந்து சாதத்தைத் திறந்தார்கள். உருளைக்கிழங்கை அவன் பக்கம் நகர்த்தியது சோபனாவின் கைதான், அவளுக்கே தெரியாமல் நகர்த்திவிட்டது. அப்போது பின்னாலிருந்து பூவரசனின் சட்டையை ஏதோ இழுத்தது. திரும்பாமலே அவனுக்குத் தெரிந்தது. பிஸ்தா பச்சை நிறத்தில் ஒரு பெட்டை ஆடு, அவன் சட்டை நுனியை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது. உடம்பில் அங்கங்கே இடைவெளி, இடது விலாவில் தழும்பு இருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒன்று.

சோபனா எழுந்து நின்றாள். செம்பி அவளைப் பார்த்தது, காதை ஆட்டியது, மறுபடி சட்டையை மென்றது.

"உனக்கு வெக்கமா இல்ல?" என்றாள் சோபனா. ஆட்டிடம்தான் சொன்னாள். "உன்ன வித்தவன் சட்டயப் போயி தின்ற? எங்கிட்ட வர மாட்ட?"

பூவரசனின் கையிலிருந்த சாதம் கையிலேயே இருந்தது. "உனக்குத் தெரியுமா?" என்றான்.

"ஐப்பசியிலேர்ந்து தெரியும்."

"அப்ப அந்தப் பீஸு... நீ பாத்தியா?"

"பாக்காம? அது யாரு தழும்புன்னு எனக்குத் தெரியாதா? மஞ்சள் வெச்சி ஆத்துனது யாரு?" அவள் குரல் உயர்ந்தது. கொஞ்ச தூரத்தில் மேய்ந்த நேவி ப்ளூ ஆடுகள் தலையைத் தூக்கின. "வித்தது கூடப் பரவால்ல. பைக்கு வேணும், வித்துட்டேன்னு சொல்லியிருந்தா நாலு நாள் அழுதிருப்பேன். நீயும் கூடவே வந்தியே! பச்சகுப்பம் வரைக்கும் வெயில்ல செம்பீ செம்பீன்னு கூவிக்கினு வந்தியே! அத எப்பிடிக் கூவுன? எந்த வாயால கூவுன?"

பூவரசன் சாதத்தைக் கீழே வைத்தான். "கூவும்போது நெசமாவே தேடனேன் சோபி. வந்துடும்னு கூட நெனச்சேன்."

"நல்லா இருக்குது."

"சரி, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பீஸு உன் டேபுளுக்கு எப்பிடி வந்துச்சுன்னு நெனச்ச?"

"எப்பிடி வரும்? நீ கவனமில்லாம வெட்டிட்ட."

"நானு?" என்றான் பூவரசன். அவனுக்குமே இப்போது குரல் ஏறியது. "லைனிங்ல என்னாட்டம் தழும்ப ஒதுக்கி வெட்றதுக்கு இந்தக் கம்பெனியில ஆள் கெடயாதுன்னு நீதான் சொல்லுவ. அந்தத் தோலு என் டேபுளுக்கு வந்ததுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. தழும்ப ஒதுக்கியிருந்தா உனக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது. நான் தழும்பு மேலயே டைய வெச்சேன். நட்ட நடுவுல, அளந்து வெச்சேன்."

சோபனா மறுபடி உட்கார்ந்தாள்.

"வாயில வரல. அதான் வெட்டி அனுப்பனேன். நீ ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவ, நான் எழுந்து வந்து ஆமா நான்தான்னு சொல்லிடலாம்னு பாத்துக்கினே இருந்தேன். வரவே இல்ல. மறுநாளும் பாத்தேன். நீ பாக்கவே இல்லன்னு நெனச்சிட்டேன். அதுக்கப்பறம் நீ பேசறதயும் நிறுத்திட்ட. ஏன்னு கேக்க எனக்கு தைரியம் இல்ல."

"திருப்பி அனுப்புனா எங்க போவும்?" என்றாள் சோபனா. "வேஸ்ட் மூட்டைக்குத்தானே போவும்? செம்பிய மூட்டையில போட்டுக் கட்டுவாங்க, நான் பாத்துக்கினு இருக்கணுமா? அதான் பாஸ் பண்ணிட்டேன். எங்கியாவது ஊரச் சுத்திப் பாக்கட்டும்னு."

செம்பி சட்டையை விட்டுவிட்டு எலுமிச்சை சாதத்துக்கு வந்தது. இருவரும் அதைத் தடுக்கவில்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு முடியவில்லை. மாதக்கணக்காக அடைத்து வைத்திருந்ததை ஒரு வாய் திறந்தவுடன் மூட முடியாது. அப்படின்னா ஐப்பசியிலிருந்து ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவன் கேட்டான். அப்படின்னா வெட்டுவதற்கு முன்னால் ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். அங்கிருந்து பைக்குக்குப் போனார்கள், பைக்கிலிருந்து அவன் தம்பிக்குப் போனார்கள். தம்பி கல்யாணத்தில் அவள் அண்ணனைப் பந்தியில் கடைசியாக உட்கார வைத்தது வந்தது. பேசிக்கொண்டே நடந்தார்கள். உப்புக் கரையில் அவள் பேசினாள், மணல் கரையில் அவன் பேசினான், பக்கிள் கரையில் இருவரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். செம்பி பின்னாலேயே வந்தது. அதன் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்களாக இருக்கலாம், மேலும் இரண்டு பிஸ்தா ஆடுகள் சேர்ந்துகொண்டன. நடுவில் அவள் ஒருமுறை அழுதாள், ஒருமுறை அவன் அழுதான். கால் வலித்தபோது உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

மஹபூப் பாஷா கரையிலிருந்து குரல் கொடுத்தார். மறுபடியும் கொடுத்தார். மூன்றாவது தடவை கொஞ்சம் உள்ளே வந்து பார்த்தார். சோபனா இடுப்பில் கை வைத்து, "இரு மாமா, நான் இன்னும் சொல்லி முடிக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பூவரசன் இருந்தான். பாஷா சத்தமில்லாமல் திரும்பிவிட்டார். மற்ற இரண்டு ஜோடிகளை ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தார். தெருவிளக்கு எரிந்தது. கடல் போனது, தீவும் போனது.

விஷயம் காவல் நிலையத்துக்குப் போனது, பாஷாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "புருசன் பொண்டாட்டி பேசிக்கினு இருந்தாங்க சார். நடுவுல போயி டைம் ஆச்சுன்னு சொல்றது நல்லாவா இருக்கும்?" என்று அவர் சொன்னதை இன்ஸ்பெக்டர் ஏற்றுக்கொண்டார், அவரும் கல்யாணமானவர். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து பூவரசனின் அப்பாவும் அம்மாவும் வந்து, காய்ந்த ஆற்றில் நின்று பார்த்துவிட்டு, கடலில் இருப்பவர்களை எங்கே தேடுவது என்று போய்விட்டார்கள். சோபனாவின் அம்மா சோளிங்கர் மலையேறி நரசிம்மருக்கு வேண்டிக்கொண்டாள். கம்பெனியில் ஒரு மாதம் லீவ் போட்டார்கள், பிறகு பெயரை எடுத்தார்கள். வீட்டில்தான் ஒரு சிக்கல் வந்தது. நகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால், அந்தத் தெருவில் எல்லோரும் குழாயைத் திறந்தே வைத்திருப்பார்கள், சத்தம் கேட்டு எழுந்து பிடிப்பார்கள். சோபனாவும் அப்படியே விட்டுப் போயிருந்தாள். தண்ணீர் வந்து, வாசலைத் தாண்டி, ஹலீமா பீயின் வீட்டுக்குள் போய், மெத்தையை நனைத்தது. அவள் மகன் தபரேஸ் பூட்டை உடைத்துக் குழாயை மூடினான். ஹலீமா பீ வேறு பூட்டு வாங்கிப் போட்டாள். திரும்பி வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்றாள். வாடகையை வீட்டுக்காரர் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டரைப் போல அவரும் யோசித்திருக்கலாம்.

அடுத்த வருஷம் கத்திரியின் முதல் ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. மஹபூப் பாஷா முதல் நடைக்குப் போனபோது, உப்புக் கரையில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். அதே சேலை, நுனி இல்லாத அதே சட்டை. சோபனாவின் தொண்டை கட்டியிருந்தது.

"பாய், சாயங்காலம் வுட்டுட்டு போய்ட்டீங்களே" என்றாள். "ராத்திரி முழுக்க இங்கியே. இன்னிக்கி திங்கக்கெழம, லீவு கூட சொல்லல."

"எந்தத் திங்கக்கெழமம்மா? வருசம் ஒண்ணு ஆய்ட்ச்சி" என்றார் பாஷா.

சோபனா பூவரசனைப் பார்த்தாள். "பாத்தியா மாமா? வருசம் பூரா பேசியிருக்கோம். இன்னும் உங்கம்மா விசயத்துக்கே நான் வரல."

"அத வூட்ல வெச்சிக்கலாம்" என்றான் பூவரசன்.

பாஷா ஆளுக்கொரு பக்கமாக உட்காரச் சொன்னார். இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்ததால் பரிசல் சாய்ந்தே வந்தது. செம்பி முழங்கால் தண்ணீர்வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. கூட வர அதற்கு விருப்பம் இல்லை, சோபனாவும் வற்புறுத்தவில்லை. கம்பெனியில் புதிதாகச் சேர்வது போல மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு வருஷம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்ட எச்.ஆர். மேடம் கிறிஸ்டினாவுக்கு, தீவில் என்று பூவரசன் சொன்னான். அதற்குத் தனி லீவ் எதுவும் இல்லையென்று அவர் சொன்னார். அந்தத் துணிப்பெட்டி பல மாதம் கட்டிலுக்கடியில் இருந்தது, பிறகு அதில் வெங்காயம் போட்டு வைத்தார்கள். ஹலீமா பீ மெத்தை விஷயத்தைப் பேசவேண்டிய அளவு பேசினாள். வருஷா வருஷம் கடல் வருகிற நாளில் இருவரும் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு போய், செம்பியைப் பார்த்துவிட்டு, முதல் குரலுக்கே பரிசலில் ஏறி வந்துவிடுகிறார்கள்.

இப்போது பரிசல் ஏறுகிற ஜோடிகளிடம் டிபன் பாக்ஸோடு இன்னொன்றையும் மஹபூப் பாஷா கேட்கிறார், பாக்கி இருப்பது சின்னச் சண்டையா பெரிய சண்டையா என்று. சின்னது என்பவர்களுக்குச் சாயங்காலம் குரல் கொடுப்பார். பெரியது என்பவர்களுக்குக் கொடுப்பதில்லை. போன வருஷம் ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும், ஒரு பேங்க் கேஷியரும் அவர் மனைவியும் அப்படிப் போனார்கள், வருகிற கத்திரியில் வருவார்கள். போவதற்கு முன்னால் பெண்கள் சோபனாவிடம் வந்து, அங்கே எப்படியிருக்கும், ராத்திரியில் பயமாக இருக்குமா, என்ன எடுத்துப்போக வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார்கள். சோபனா அதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. குழாயை மூடிவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறாள்.